பிள்ளைக்கு கார் சீட் வாங்குறப்போ வயசை விட்டுட்டு எடையையும் உயரத்தையும் பாருங்க

"எங்க பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகப் போகுது, எந்த கார் சீட் வாங்கலாம்"னு கேக்குறவங்க எல்லாருமே வயசை வச்சுத்தான் கேக்குறாங்க. கடைலயும் பெட்டி மேல 0 முதல் 4 வயசு, 3 முதல் 12 வயசுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், அதைப் பாத்துட்டு நாமளும் சரிதான்னு தூக்கிட்டு வந்துருவோம். ஆனா வயசுங்கறது வெறும் தோராயம்தாங்க. ஒரே தெருவுல ஒரே மாசத்துல பொறந்த ரெண்டு பிள்ளைல ஒண்ணு 8 கிலோ இருக்கும், இன்னொண்ணு 11 கிலோ இருக்கும், ரெண்டுக்கும் ஒரே சீட் எப்படி சரியா வரும். சீட் டெஸ்ட் பண்றதே எடையையும் உயரத்தையும் வச்சுத்தான். அதனால கடைக்குக் கிளம்பும்போது முதல்ல தடுப்பூசி அட்டையை எடுத்து பைல போட்டுக்கோங்க, கடைசியா ஊசி போட்டப்ப நர்ஸம்மா எழுதுன எடை அதுல இருக்கும். உயரத்துக்கு பிள்ளையை சுவத்துல சாச்சு நிக்க வச்சு பென்சில்ல ஒரு கோடு போட்டு அளந்துக்கோங்க, நிக்காத பிள்ளையா இருந்தா பாய்ல படுக்க வச்சு தலைல இருந்து குதிகால் வரைக்கும் டேப் பிடிங்க. இந்த ரெண்டு நம்பரும், உங்க கார் என்ன மாடல், எந்த வருசம்ங்கறதும் கைல இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன், ஏன்னா இன்னமும் நம்ம பக்கம் பாதிப் பேரு "மடில வச்சுக்கிட்டா போதாதா"ன்னுதான் நினைக்கிறாங்க. எங்க மதுரைல காளவாசல்ல இருந்து மாட்டுத்தாவணி போறதுக்குள்ள எத்தனை கார்ல முன் சீட்ல அம்மா மடில பிள்ளை உக்காந்து டேஷ்போர்டைத் தட்டி விளையாடிக்கிட்டுப் போகுதுன்னு பாருங்க, எனக்கு அதைப் பாத்தாலே அடி வயித்தைக் கலக்கும். 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போற கார் எதுலயாவது மோதி நின்னுச்சுன்னா உள்ள இருக்குற ஒவ்வொரு ஆள் மேலயும் அவங்க எடையைப் போல 20, 30 மடங்கு விசை ஒரு கண் சிமிட்டுற நேரத்துல வந்து விழும். 10 கிலோ பிள்ளை அந்த நொடில 200, 300 கிலோ மூட்டை கணக்கா முன்னால பாயும், எந்த அம்மா கையாலயும் எந்த அப்பா கையாலயும் அதைப் பிடிக்க முடியாது, பாசத்துக்கும் பலத்துக்கும் அங்க வேலையே இல்ல. இதுல அம்மா பெல்ட் போடாம இருந்தா அவங்க எடையும் சேந்து பிள்ளை மேல விழும். ஒரே பெல்ட்ல அம்மாவையும் பிள்ளையையும் சேத்துக் கட்டுறது அதைவிட மோசம், பெல்ட்டுக்கும் அம்மா உடம்புக்கும் நடுவுல பிள்ளை நசுங்கும். முன் சீட்ல ஏர்பேக் இருந்தா கேக்கவே வேணாம், அது பெரியவங்க நெஞ்சு உயரத்துக்காக அம்புட்டு வேகத்துல வெடிச்சு விரியுற சாமான்.

சட்டமும் இருக்கு. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்துனப்ப 194பின்னு ஒரு பிரிவு சேத்தாங்க, 14 வயசு ஆகாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தைக்கான சீட்டோ இல்லாம கார்ல கூட்டிட்டுப் போனா 1,000 ரூவா அபராதம். ஆனா அபராதத்துக்குப் பயந்து வாங்குற சாமான் இல்ல இது.

இப்ப சீட் விசயத்துக்கு வருவோம். பெரிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளை எந்தப் பக்கம் பாத்து உக்காரணும். கைக்குழந்தைக்கு தலை மட்டுமே உடம்பு எடைல கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு, கழுத்து எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படல, பாதி குருத்தெலும்பு. முன்னால பாத்து உக்காந்திருக்கும்போது கார் மோதுனா உடம்பை பெல்ட் பிடிச்சுக்கும், ஆனா அந்தப் பெரிய தலை மட்டும் முன்னால வீசப்படும், மொத்த இழுப்பும் கழுத்துலதான் விழும். அதே பிள்ளை காரோட பின்பக்கத்தைப் பாத்து உக்காந்திருந்தா முதுகு, தலை, கழுத்து மூணும் ஒண்ணா சீட்டுக்குள்ள அமுங்கும், அடி உடம்பு முழுசும் பரவிடும். அதனாலதான் பிள்ளையை முடிஞ்ச வரைக்கும் பின்பக்கம் பாத்தே உக்கார வைங்கன்னு எல்லா நாட்டு டாக்டருங்களும் சொல்றாங்க. சுவீடன்ல 4 வயசு வரைக்கும் அப்படித்தான் வைக்கிறாங்க. ஐரோப்பாவோட புது விதி ஆர்129 படி 15 மாசம் ஆகுறதுக்கு முன்னாடி முன்பக்கம் திருப்பவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018ல வயசுக் கணக்கையே எடுத்துட்டு, சீட்ல போட்டிருக்குற எடை, உயரம் தாண்டுற வரைக்கும் பின்பக்கமே வைங்கன்னு சொல்லிட்டாங்க. நம்ம ஊர்ல "ஒரு வயசு ஆயிருச்சு, வேடிக்கை பாக்கட்டும்"னு முதல் பொறந்தநாளுக்கே திருப்பி விடுறோம், அது ரொம்ப சீக்கிரம். "கால் இடிக்குதே, மடக்கிட்டுக் கெடக்குதே"ன்னு கேப்பாங்க, பிள்ளைக்கு சம்மணம் போட்டு உக்காருறது ஒரு கஷ்டமே இல்ல, நம்ம பிள்ளைங்க தரைல அப்படித்தான உக்காந்து சாப்பிடுது.

பொறந்ததுல இருந்து ஆரம்பிச்சா முதல் சீட் இன்ஃபன்ட் கேரியர், மேல கைப்பிடி இருக்கும், கூடை மாதிரி அப்படியே தூக்கிட்டுப் போகலாம். பொதுவா 13 கிலோ வரைக்கும், பின்பக்கம் மட்டும்தான். ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற முதல் பயணத்துல இருந்தே இது வேணும். பிரசவம் மதுரைல பாத்துட்டு தாயும் பிள்ளையும் உசிலம்பட்டிக்கோ பேரையூருக்கோ மேலூர் தாண்டி ஏதோ கிராமத்துக்கோ அம்மா வீட்டுக்குப் போறதுதான் நம்ம வழக்கம், அன்னிக்கு வர்றது பெரும்பாலும் வாடகைக் கார்தான், கேரியர்னா அந்தக் கார் பெல்ட்லயே மாட்டிக்கலாம். சின்னக் குழந்தையை ரொம்ப நிமுத்தி உக்கார வச்சா தாடை நெஞ்சுல முட்டி மூச்சு விட சிரமப்படும், அதனால சீட் கிட்டத்தட்ட 45 டிகிரி சாஞ்சிருக்கணும். சீட் பக்கவாட்டுல ஒரு கோடோ ஒரு சின்னக் குமிழோ வச்சிருப்பாங்க, அது தரைக்கு நேரா வரணும். இதைப் பாக்கும்போது கார் சமதளத்துல நிக்கணும், நம்ம வீட்டு வாசல்ல ஏத்துறதுக்குக் கட்டியிருக்குற சரிவுல நிறுத்திட்டுப் பாத்தா கோணம் தப்பாத்தான் காட்டும். எடை குறைச்சலா பொறந்த பிள்ளை, மாசம் குறைஞ்ச பிள்ளைன்னா சீட்ல போட்டிருக்குற குறைஞ்சபட்ச எடை எம்புட்டுன்னு பாத்துட்டு, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கைக்குழந்தையை ஒரே மூச்சுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல சீட்ல வைக்க வேணாம். மதுரைல இருந்து சென்னை 450 கிலோமீட்டருக்கு மேல, திருச்சில ஒரு தடவை, உளுந்தூர்பேட்டை விழுப்புரம் பக்கம் ஒரு தடவை, நடுவுல அழுதா இன்னொரு தடவைன்னு நிறுத்தி வெளிய எடுத்து நீட்டிப் படுக்க வச்சு பால் குடுத்துட்டுத்தான் கிளம்பணும். பால் குடுக்குறதுக்காக ஓடுற கார்ல பெல்ட்ட அவுக்காதீங்க, வண்டியை ஓரம் கட்டுங்க, 10 நிமிசத்துல ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது. வீட்டுக்கு வந்தும் பிள்ளை தூங்குதேன்னு கேரியரோட அப்படியே ஹால்ல வச்சுடாதீங்க, எடுத்து பாய்லயோ தொட்டில்லயோ போடுங்க. அப்புறம் இந்த கார்ல தூளி கட்டுறது, மேல இருக்குற கைப்பிடில சேலையைக் கட்டி ஆட்டிக்கிட்டே போறது, தயவு செஞ்சு வேணாம். வீட்டுல தூளி நல்லதுதான், ஓடுற வண்டில பிரேக் அடிச்சா தூளி எங்க போயி மோதும்னு ஒரு தடவை யோசிங்க.

கேரியர் பொதுவா ஒண்ணரை வயசு வரைக்கும்னு சொல்லுவாங்க, நம்ம பிள்ளைங்க பல பேருக்கு 13 கிலோ வர்றதுக்கே மூணு வயசு கிட்ட ஆகும். ஆனா அதுக்கு முன்னாடியே உயரம் தாண்டிடும், தலை உச்சி சீட் விளிம்பைத் தொட வந்துருச்சுன்னா எடை பாக்கியிருந்தாலும் அந்த சீட்டோட காலம் முடிஞ்சது.

காசு பாத்து ஒரே சீட்டா வாங்கணும்னா என் ஓட்டு கன்வெர்ட்டிபிள் சீட்டுக்குத்தான். பொறந்ததுல இருந்து பின்பக்கமா வைக்கலாம், அப்புறம் திருப்பி முன்பக்கமா 18 கிலோ வரைக்கும், சிலது 25 கிலோ வரைக்கும் போகும். 18 கிலோன்னா நம்ம பிள்ளைங்களுக்கு ஏறக்குறைய 5 வயசு. வாங்கும்போது ஒண்ணை மட்டும் உத்துப் பாருங்க, பின்பக்கமா எத்தனை கிலோ வரைக்கும் வைக்கலாம்னு. ஒரு சீட்ல பின்பக்கம் 10 கிலோவோட நிறுத்திடுவான், இன்னொண்ணுல 13, நல்லதுல 18 வரைக்கும் விடுவான். ரெண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசத்துல கூடுதலா பின்பக்கம் வைக்க முடியுற சீட் கிடைச்சா அதை எடுங்க, கலரு, கப் ஹோல்டரு, மெத்தை இதெல்லாம் அப்புறம். 0 முதல் 36 கிலோ வரைக்கும், 12 வயசு வரைக்கும் ஒரே சீட்னு விக்கிறதுல எனக்கு அம்புட்டு நம்பிக்கை இல்ல, பச்சக் குழந்தைக்கு ரொம்பப் பெருசா இருக்கும், 8 வயசுப் பிள்ளைக்குத் தோள்பட்டை பத்தாது, நடுவுல கொஞ்ச காலம்தான் கச்சிதமா உக்காரும்.

முன்பக்கம் திருப்பியாச்சுன்னா அஞ்சு முனை ஹார்னஸ்ல, அதாவது ரெண்டு தோள், ரெண்டு இடுப்பு, கால் நடுவுல ஒண்ணு, இப்படிக் கட்டுற சீட்டுல எடை தாண்டுற வரைக்கும் வைங்க. அடுத்தது பூஸ்டர், 15 கிலோவுக்கு மேல. பூஸ்டர்ல தனி வார் கிடையாது, பிள்ளையை உயத்தி உக்கார வச்சு கார் பெல்ட்டே சரியான இடத்துல விழுற மாதிரி பண்றதுதான் அதோட வேலை. முதுகு உள்ள பூஸ்டர் வாங்குங்க, தூங்கும்போது தலை சாயுறதுக்கும் பக்கவாட்டுல அடிபடாம இருக்குறதுக்கும் முதுகு வேணும். வெறும் அடிப்பலகை மட்டும் உள்ளது 125 சென்டிமீட்டர் தாண்டுன பிள்ளைக்குத்தான்.

சரி, பிள்ளைக்கு எது சரின்னு தெரிஞ்சுருச்சு, இப்ப காருக்கு எது சரின்னு பாக்கணும். இங்கதான் நம்ம ஊர்ல நிறையப் பேரு மாட்டிக்கிறாங்க. பின் சீட்ல முதுகும் உக்காருற இடமும் சேர்ற இடுக்குல கையை விட்டுப் பாருங்க, ஒரு சின்ன இரும்பு வளையம் மாதிரி தட்டுப்படும், ரெண்டு ரெண்டா 28 சென்டிமீட்டர் இடைவெளில இருக்கும், அதுதான் ஐசோஃபிக்ஸ், கார் பெல்ட் இல்லாமயே குழந்தை சீட்டை நேரா மாட்டுற இடம். பக்கத்துல துணில சின்னதா ஒரு லேபிள் தச்சிருப்பாங்க. கையை விட்டும் ஒண்ணும் தட்டுப்படலைன்னா உடனே இல்லைன்னு முடிவு பண்ணிடாதீங்க. புது கார் எடுத்த மறுநாளே நேரா சீட் கவர் கடைக்குப் போறது நம்ம வழக்கம், அந்த ரெக்சின் கவர் இந்த இடுக்கை அப்படியே மூடி இழுத்துத் தைச்சிருக்கும், சில கார்ல பின் சீட் பெல்ட்டோட பக்கிளே கவருக்கு அடியில போயிருக்கும். கவர் கடைலயே போயி அந்த ரெண்டு இடத்துலயும் வெட்டி ஓரம் அடிச்சுத் தரச் சொல்லுங்க, பக்கிளையும் வெளிய எடுத்து விடச் சொல்லுங்க. புதுசா கவர் போடப் போறவங்க முதல்லயே சொல்லிடுங்க, பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ள இருக்குற கார்னா அதுக்கும் ஏத்த கவர்தான் போடணும்.

ஐசோஃபிக்ஸ் சீட்னா டக்குன்னு ரெண்டு பக்கமும் சத்தம் கேக்கும், சீட்டுல சின்னதா ஒரு அடையாளம் சிவப்புல இருந்து பச்சைக்கு மாறும், தப்பா மாட்டுறதுக்கு வாய்ப்பு கம்மி. அதனால முடிஞ்சா அதுவே வாங்குங்க. ஆனா அதுல மூணாவதா ஒரு பிடிமானம் இருக்கும், டாப் டெதர்னு பின்னால போற ஒரு வார், இல்லைன்னா தரைல ஊணுற சப்போர்ட் கால். பலரு இதை மாட்டாமயே விட்டுடுறாங்க, மாட்டலைன்னா மோதும்போது சீட் அப்படியே முன்னால கவுந்து பிள்ளை தலை கூடுதலா முன்னால போகும். டெதர் கொக்கி பின் சீட் முதுகுப் பக்கமோ டிக்கிலயோ இருக்கும், சாமான் கட்டுறதுக்கு விட்டிருக்குற கொக்கில மாட்டிடாதீங்க, கார் மேனுவலைப் பாத்துக்கோங்க. சப்போர்ட் கால் உள்ள சீட்னா காரோட தரைல அந்த இடத்துல மூடி போட்ட சாமான் அறை எதுவும் இருக்கக் கூடாது.

பழைய கார், ஐசோஃபிக்ஸ் இல்லைன்னா பெல்ட்ல மாட்டுற சீட் வாங்குங்க, ஒழுங்கா மாட்டுனா அதுவும் பாதுகாப்புதான். மூணு முனை பெல்ட் இருக்குற இடத்துலதான் பெரும்பாலான சீட்டை மாட்ட முடியும், பழைய கார்ல பின் சீட் நடுவுல வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும், அது ஆகாது. பெல்ட் போற வழி சீட்டுலயே கலர் அடிச்சிருக்கும், பின்பக்கமா வச்சா நீலம், முன்பக்கமா வச்சா சிவப்பு. முழங்காலை சீட் மேல ஊணி எடையைப் போட்டு அமுக்கிக்கிட்டே பெல்ட்ட இறுக்குங்க. அப்புறம் பெல்ட் போற இடத்துல சீட்டைப் பிடிச்சு இங்கிட்டு அங்கிட்டு ஆட்டிப் பாருங்க, ஒரு இஞ்சுக்கு மேல நகந்தா லூசுதான், அவுத்துட்டு மறுபடி மாட்டுங்க.

அமெரிக்காவுல இருந்து அண்ணனோ சித்தப்பாவோ கொண்டு வந்து குடுத்த சீட் நிறைய வீட்டுல இருக்கு. நல்ல சீட்தான், ஆனா ஒரு சிக்கல். அந்த ஊர்க் கார்ல பெல்ட்ட முழுசா வெளிய இழுத்தா லாக் ஆகி அப்படியே நிக்கும், அதை நம்பித்தான் அந்த சீட்டை மாட்டச் சொல்லுவாங்க. நம்ம கார் பெல்ட் பெரும்பாலும் சட்டுனு இழுத்தாத்தான் நிக்கும், மெதுவா இழுத்தா வந்துக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் சீட் கொஞ்சம் கொஞ்சமா லூசாகும். அதனால சீட்டுலயே பெல்ட்ட கவ்விப் பிடிக்கிற கிளிப் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா அந்த ஊர் சீட்ல இருக்குற கொக்கியை நம்ம கார் ஐசோஃபிக்ஸ் கம்பில மாட்டிக்கலாம். ரெண்டுக்கும் வழி இல்லைன்னா அந்த சீட் உங்க காருக்கு வேணாம்.

எந்தப் பக்கம் வைக்கிறதுன்னா, பின் சீட்ல இடது பக்கம். நாம இடது ஓரமாத்தான் நிறுத்துறோம், நடைபாதைப் பக்கமா இறங்கிடலாம். மாசி வீதிப் பக்கம் வலது கதவைத் திறந்து வச்சுக்கிட்டு குனிஞ்சு பிள்ளைக்கு பெல்ட் மாட்டுனா முதுகுல ஷேர் ஆட்டோ உரசிட்டுப் போகும். முன் சீட்ல பின்பக்கம் பாத்த சீட்டை வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடிச்சா நேரா பிள்ளை தலைக்குப் பின்னாலதான் அடிக்கும். 2021 கடைசிக்கு அப்புறம் வித்த கார் எல்லாத்துலயும் முன்னால ரெண்டு ஏர்பேக் கட்டாயம், அதனால "எங்க கார்ல அதெல்லாம் இருக்காது"ன்னு நினைச்சுக்காதீங்க.

வாங்கும்போது சீட்டைத் திருப்பி லேபிளைப் பாருங்க. ஆரஞ்சு கலர் ஸ்டிக்கர்ல வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ எழுத்தும் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும், ஆர்44/04 இல்லைன்னா ஆர்129னு போட்டிருக்கும். 129 புதுசு, பக்கவாட்டு மோதலையும் சேத்து டெஸ்ட் பண்ணது, உயரத்தை வச்சு அளவு சொல்லும். நம்ம நாட்டுத் தர விதி ஏஐஎஸ் 072. இதுல எதுவுமே இல்லாம, மெத்தை மாதிரி ஒரு துணில நாலு வாரு தச்சு ஆயிரம் ரூவாய்க்கு ஆன்லைன்ல "கார் சீட்"னு விக்கிறாங்க, அதைத் தொடாதீங்க, அது மோதலைத் தாங்குற சாமானே இல்ல. காசு முடையா இருந்தா விலை கம்மியான ஆனா லேபிள் உள்ள சீட் வாங்குங்க, டெஸ்ட் பாஸ் ஆன சீட்டை ஒழுங்கா மாட்டுனா அது போதும். கடைக்காரர்கிட்ட சொல்லி கார்ல வச்சுப் பாத்துட்டு வாங்குங்க, சின்ன கார்ல பின்பக்கமா வச்சா முன் சீட்டை ரொம்ப முன்னால தள்ள வேண்டி வரும், அங்க உக்காருறவருக்கு முட்டி இடிக்கும், இது வீட்டுக்கு வந்து தெரிஞ்சா வருத்தம்தான்.

இனி தினமும் செய்ய வேண்டியது. பின்பக்கமா உக்காந்தா தோள் வார் தோளுக்கு நேராவோ கொஞ்சம் கீழ இருந்தோ வரணும், முன்பக்கமா உக்காந்தா தோளுக்கு நேராவோ கொஞ்சம் மேல இருந்தோ வரணும். பக்கிள் போட்டு இறுக்குன பிறகு தோள்பட்டை எலும்பு மேல வர்ற வாரை கட்டை விரலாலயும் ஆள்காட்டி விரலாலயும் கிள்ளிப் பாருங்க, விரலுக்கு நடுவுல மடிப்பு சிக்குச்சுன்னா இன்னும் லூசு, விரல் வழுக்கிட்டு வந்தா சரி. வார் முறுக்கிக்கிட்டு இருக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போறப்ப பட்டுப்பாவாடை சரசரன்னு வழுக்கும், பாவாடையை ஒதுக்கி விட்டு இடுப்பு வாரு தொடைல ஒட்டுற மாதிரி போடுங்க. கொடைக்கானல் போறப்ப தடிமனான ஸ்வெட்டர், ஜாக்கெட்டைப் போட்டு அதுக்கு மேல வாரை இறுக்குனா வெளிய இறுக்கமாத்தான் தெரியும், மோதும்போது அந்தப் பஞ்சு அமுங்கி உள்ள பிள்ளை லூசாயிடும். முதல்ல வாரை மாட்டுங்க, மேல போர்வையைப் போத்துங்க. வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுறதுக்கு முன்னாடி வயிறு முட்டக் குடுக்காதீங்க, பிள்ளை வாந்தி எடுக்கும்.

நம்ம ஊர் வெயிலை மறந்துடாதீங்க. சித்திரை வைகாசில வெயில்ல ஒரு மணி நேரம் நின்ன காருக்குள்ள அந்த பக்கிளோட இரும்பு நாக்கு தோல்ல பட்டா பொசுக்கிடும். நிறுத்திட்டுப் போகும்போது சீட் மேல ஒரு வெள்ளைத் துண்டைப் போத்திட்டுப் போங்க, வந்ததும் கதவைத் திறந்து அனலை வெளிய விட்டுட்டு பக்கிளைக் கையால தொட்டுப் பாத்துட்டு உக்கார வைங்க. தூங்குதேன்னு பிள்ளையை கார்ல விட்டுட்டு கடைக்குள்ள போகவே போகாதீங்க, ஒரு நிமிசத்துக்குக் கூட.

வீட்டுப் பெரியவங்க சம்மதிக்கிறதுதான் பாதிப் போராட்டம். அப்பத்தா சொல்லும், "ஏய்யா, பச்சப் புள்ளையை இப்படிக் கட்டிப் போட்டுக் கொண்டு போறீக, அழுகுதுல்ல, எங்கிட்டக் குடு, நான் நெஞ்சோட அணைச்சு வச்சுக்கிறேன்"னு. அதுகிட்ட சண்டை போடாதீங்க, அது பாசத்துலதான் சொல்லுது. "அப்பத்தா, நீங்க புள்ளைக்குப் பக்கத்துலயே உக்காருங்க, வாரு இறுக்கமா இருக்கான்னு நீங்கதான் கிள்ளிப் பாக்கணும்"னு அந்த வேலையை அதுகிட்டயே குடுத்துடுங்க. பின்பக்கமா உக்காந்த பிள்ளை அப்பத்தா முகத்தைப் பாத்துக்கிட்டே வரும், கதையும் பாட்டும் அங்கேயே நடக்கும். அப்பத்தாவுக்கும் பெல்ட் போட்டு விடுங்க, மோதும்போது பெல்ட் போடாத ஆள் பக்கத்துல இருக்குற பிள்ளை மேலதான் விழுவாங்க. 2022 செப்டம்பர்ல தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி செத்ததும் பின் சீட்ல பெல்ட் போடாம போனப்பதான்.

அழுகைக்கு ஒரே மருந்து பழக்கம். சீட்டை முதல்ல வீட்டுக்குள்ள ஹால்ல வச்சு ஒரு வாரம் அதுல உக்கார வச்சு விளையாட விடுங்க, அப்புறம் கார்ல வச்சு தெப்பக்குளம் வரைக்கும் ஒரு சுத்து. ஒரு நாள் கூட "இன்னிக்கு மட்டும்"னு மடிக்கு எடுத்துடாதீங்க. ஒரு தடவை எடுத்தா அழுதா எடுப்பாங்கன்னு அது கண்டுபிடிச்சுக்கும். முக்குக் கடைக்குப் போனாலும் சீட்தான், கப்பலூர் டோல்கேட் தாண்டிப் போனாலும் சீட்தான்.

குலதெய்வம் கோயிலுக்கு மொட்டை, காதுகுத்துன்னு கிளம்பும்போதுதான் எல்லாம் குலையும், ஏழு பேரு கார்ல பத்துப் பேரு ஏறுவோம், பிள்ளைங்க மடிக்கு மடி மாறும். அழகர்கோயிலோ பாண்டி கோயிலோ, பக்கம்தானன்னு நினைப்போம், ரிங் ரோட்டுல லாரி எப்படிப் போகுதுன்னு நமக்குத் தெரியும். ஆளை எண்ணி வண்டி பிடிங்க, சீட் வைக்கிற இடத்தையும் ஒரு ஆளாக் கணக்குப் போடுங்க. வாடகைக் கார் சொல்லும்போதே "பின் சீட் பெல்ட் வேலை செய்யணும், பக்கிளை வெளிய எடுத்து வைங்கண்ணே"ன்னு டிரைவர் அண்ணன்கிட்ட முந்தின நாளே சொல்லிடுங்க. மூணாவது வரிசைல பெரும்பாலும் ஐசோஃபிக்ஸ் இருக்காது, அதனால சின்னதை நடு வரிசைல வச்சுட்டு பூஸ்டர் பிள்ளையை மூணு முனை பெல்ட் இருந்தா பின்னால அனுப்புங்க.

பூஸ்டரை எப்ப விடலாம்னா, 145 சென்டிமீட்டராவது தாண்டணும், நம்ம பிள்ளைங்களுக்கு அது 11, 12 வயசு கிட்ட வரும். வெறும் கார் சீட்ல உக்கார வச்சுப் பாருங்க, முதுகு முழுசா சாஞ்சிருக்கும்போது முட்டி சீட் விளிம்புல மடங்கணும், இடுப்பு பெல்ட் வயித்துல ஏறாம தொடைக்கு மேல படியணும், தோள் பெல்ட் கழுத்தை அறுக்காம தோள் நடுவுல போகணும், போற தூரம் முழுக்க சறுக்காம அப்படியே உக்காரணும். இதுல ஒண்ணு தவறுனாலும் பூஸ்டர் இன்னும் வேணும். அஞ்சாப்பு படிக்கிற பையன் "நான் என்ன சின்னப் பிள்ளையா"ன்னு முரண்டு பிடிப்பான், பெல்ட் வயித்துல இருந்தா மோதும்போது குடலைக் கிழிக்கும்னு அவனுக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க, அந்த வயசுல சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.

தங்கச்சி பிள்ளைக்கு, கொழுந்தனார் பிள்ளைக்குன்னு சீட்டைக் கைமாத்திக் குடுக்குறது நல்ல பழக்கம்தான், ஆனா சீட் அடியில தயாரிச்ச தேதி இருக்கும், கம்பெனியைப் பொறுத்து 6ல இருந்து 10 வருசம்தான் ஆயுசு, நம்ம வெயில்ல பிளாஸ்டிக் வெடவெடத்துப் போகும். ஒரு தடவை நல்லா மோதுன கார்ல இருந்த சீட் வெளிய முழுசாத் தெரிஞ்சாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. வரலாறு தெரியாத செகண்ட் ஹேண்ட் சீட் வாங்கவே வேணாம். ஆயுசு முடிஞ்ச சீட்டை பழைய இரும்புக் கடைல போடுறதுக்கு முன்னாடி வாரு எல்லாத்தையும் கத்திரியால வெட்டி விட்டுட்டு, பிளாஸ்டிக் மேல மார்க்கர்ல "பயன்படுத்தாதீங்க"ன்னு பெருசா எழுதிப் போடுங்க, இல்லைன்னா நல்லாத்தான இருக்குன்னு யாராவது எடுத்துட்டுப் போயி அவங்க பிள்ளையை அதுல உக்கார வச்சுருவாங்க.